ஒத்திகையில் சொல்லக் கூடாத வரி

லெட்டி ஸ்வாங்கர் இறந்தபோது நியூயார்க் பத்திரிகை ஒன்று அவளுக்கு ஆறு வரி ஒதுக்கியது. அந்த ஆறு வரியில் மூன்று பிழை. பிறந்த ஊர் தப்பு. வயதில் ஒன்பது குறைச்சல். நடித்த நாடகங்கள் சுமார் நாற்பது என்று போட்டிருந்தார்கள். வயதுக்காகப் பத்திரிகைக்காரர்களைத் திட்ட முடியாது, அந்த ஒன்பதை லெட்டியே வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கிள்ளி எறிந்திருந்தாள். ஆனால் நாற்பது நாடகம் என்பது அநியாயம். நானூறுக்குக் குறையாது. அதில் முக்கால்வாசியில் அவள் வேலைக்காரி, மீதியில் பிணம்.

அவள் பிறந்தது 1885இல், பென்சில்வேனியாவில் லங்காஸ்டருக்குப் பக்கத்தில், ஒரு கசாப்புக் கடைக்காரருக்கு ஐந்தாவது பெண்ணாக. ஞாயிற்றுக்கிழமை விசில் அடித்தால்கூட முகம் சுளிக்கிற ஜெர்மன் வம்சம். பத்தொன்பது வயதில் ஒரு நாள், ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த நாடகக் கம்பெனிக்குப் பன்றி இறைச்சி கொடுத்துவிட்டு வரச்சொல்லி அப்பா அனுப்பினார். கூடை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "பணம் கூடைக்குள் இருக்கிறது. நான் இல்லை."

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் கூடாரம்தான் வீடு. அயோவா, கான்சஸ், நெப்ராஸ்கா என்று சோளக்காட்டுக்கு நடுவே ஊர் ஊராகப் போவார்கள். வாரத்துக்கு ஆறு நாடகம், ஆறிலும் அவள் உண்டு. மழை பெய்தால் தார்ப்பாயில் விழுகிற சத்தத்துக்கு மேல் கத்திக் காதலைச் சொல்ல வேண்டும். காற்று அடித்தால் சாகிற அம்மா வேஷத்தில் இருப்பவள்கூட எழுந்துபோய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டும். லெட்டி அப்படி மூன்று தடவை செத்திருக்கிறாள். கதாநாயகனுக்கு வசனம் மறந்துபோனால் அவள் மேடையிலேயே சாவகாசமாக ஆப்பிள் தோல் சீவ ஆரம்பித்துவிடுவாள். தோல் அறுபடாமல் வருகிறதா என்று ஜனங்கள் அதையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் அவனுக்கு வசனம் ஞாபகம் வந்துவிடும்.

நடுவில் கல்யாணமும் ஆயிற்று. கம்பெனியில் கார்னெட் ஊதுகிற ஒருவன். ஒரு குளிர்காலம் தாங்கியது. ஒமாஹா ரயில் நிலையத்தில் அவளுடைய பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவன், போனவன்தான். பெட்டிக்காக அவள் வெகுநாள் வருத்தப்பட்டாள்.

பேசும்படம் வந்தது. பிறகு நாடெங்கும் வேலையில்லாப் பஞ்சம் வந்தது. கூடாரங்கள் ஒவ்வொன்றாகச் சுருட்டப்பட்டன. நாற்பத்தாறு வயதில், ஒரு சூட்கேஸோடு லெட்டி நியூயார்க் போய் இறங்கினாள். நாடகக்காரர்களுக்கு நியூயார்க் ஒரு வியாதி. சோளக்காட்டில் நானூறு நாடகம் நடித்திருந்தாலும் அந்த ஊர் மேடையில் ஒரு தடவை நிற்காதவர், அவர்களுக்குள்ளேயே, நடிகர் கணக்கில் இல்லை. லெட்டி வாய்விட்டு இதைச் சொன்னதில்லை. ஆனால் அவளுக்கும் அந்த வியாதி முற்றியிருந்தது.

நாற்பத்தாறாம் தெருவில் ஒரு விடுதி அறை எடுத்தாள். அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது விடுதிக்காரியின் சட்டம். இஸ்திரி போடக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆகவே லெட்டி ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்து, காகிதத்தில் சுற்றி, அதற்கு இஸ்திரி போட்டுச் சாப்பிட்டாள். காலையில் கிளம்பி ஏஜெண்டுகளின் கதவுகளை வரிசையாகத் தட்டுவாள். கதவு முழுதாகத் திறப்பதற்குள்ளேயே "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று குரல் வரும். ஐந்து வருஷம் இதே கதை. ஒரு கட்டத்தில் கதவைத் தட்டிவிட்டு அவளே "இன்னைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்ட ஆரம்பித்தாள். நேரம் மிச்சமாயிற்று.

1936 இலையுதிர்காலத்தில் கோர்ட்லண்ட் ஃபிஸ்க் என்ற இயக்குநர் ஒரு வேலைக்காரி வேஷத்துக்கு ஆள் தேடினார். நடிப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஒன்பது கோப்பை வைத்த தட்டோடு மாடிப்படி இறங்கிக் காட்டச் சொன்னார். முன்னால் வந்த இரண்டு பெண்கள் கீழே வந்து சேர்ந்தபோது கோப்பைகள் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. லெட்டி தட்டை ஒரு கையில் ஏந்தி, இன்னொரு கையால் மூக்கைச் சொறிந்துகொண்டே இறங்கினாள். "இந்தம்மா போதும்" என்றார் ஃபிஸ்க்.

அந்த நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் நாடகத்தின் கடைசி வரி. புருஷன் விட்டுவிட்டுப் போகிறான். சீமாட்டி ஜன்னலோரம் போய், சபைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து நிற்கிறாள். வேலைக்காரி தட்டோடு வந்து, "காபி ஆறிப்போச்சும்மா" என்கிறாள். திரை.

சீமாட்டியாக நடித்தது அகஸ்டா வேல். பெரிய நட்சத்திரம். அவளுடைய முதுகு மட்டுமே மற்றவர்களின் முகத்தைவிட நன்றாக நடிக்கும் என்று விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். அவளும் அதை நம்பி, எந்த நாடகமானாலும் கடைசியில் திரும்பி நின்றுகொண்டாள். ஒப்பனை அறையில் யாராவது விசில் அடித்தால் வெளியே தள்ளி, மூன்று சுற்று சுற்றவைத்து, கதவைத் தட்டவைத்துத்தான் உள்ளே விடுவாள். அத்தனை சகுனம்.

சகுனங்களிலேயே பெரியது ஒன்று உண்டு. நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. முதல் நாள், காசு கொடுத்து வந்த ஜனங்களுக்கு முன்னால்தான் அது முதல்தடவையாக ஒலிக்க வேண்டும். முன்பே சொன்னால் நாடகம் ஒரு வாரத்தில் ஊற்றிக்கொள்ளும். இதை நம்பாத நாடகக்காரர் அந்த ஊரில் இல்லை. நம்பாதவரும் சொல்லிப் பார்க்கத் துணிந்ததில்லை.

ஆக, நாலு வாரம் லெட்டி ஒத்திகைக்கு வந்தாள், தட்டோடு நடந்தாள், அவளுடைய ஒரே வரியை மட்டும் யாருமே கேட்கவில்லை. பிடிக்காத நடிகரை ஒத்திகையின் ஆரம்ப நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சங்க விதி இருந்தது. ஆனால் எதைக் கேட்டு, எது பிடிக்காமல் அவளை அனுப்புவது? கடைசி வரி வரவேண்டிய இடத்தில் எதையாவது சொல்லி நிரப்புவது வழக்கம், இல்லாவிட்டால் திரைக்காரனுக்கு எப்போது இறக்குவது என்று தெரியாது. மற்ற கம்பெனிகளில் "ட்ட ட்ட டா" என்பார்கள். லெட்டி அன்றன்றைக்குக் கடையில் வாங்கவேண்டிய சாமானைச் சொன்னாள்.

அகஸ்டா வேல் ஜன்னலோரம் நிற்பாள். முதுகு விம்மும். பக்கவாட்டில் நிற்கிற தச்சன்கூடக் கண்ணைத் துடைப்பான். லெட்டி உள்ளே வந்து, அதே துக்கத்தோடு, "வெங்காயம் ரெண்டு பவுண்டும்மா" என்பாள். மறுநாள் "துணி சோப்பு தீந்துபோச்சும்மா." அதற்கு மறுநாள் "முட்டை வெல ஏறிடுச்சும்மா." கம்பெனி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அகஸ்டாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

நாடகம் முதலில் பக்கத்து ஊரான நியூ ஹேவனில் ஒரு வாரம் வெள்ளோட்டம், பிறகு நியூயார்க் என்று ஏற்பாடு. நியூ ஹேவன் அரங்கில் முழு வேஷத்தோடு ஒத்திகை நடந்தபோது இன்னொரு வினை. திரைக் கயிற்றைப் பிடித்திருந்த கஸ் மல்லோய், அகஸ்டா மூச்சு வாங்கியதைக் கேட்டு, பேசி முடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரையை இறக்கிவிட்டான். விம்மல் பாதியில் நின்றது. அகஸ்டா திரைக்கு அடியிலிருந்து புயலாக வந்தாள்.

"யோவ், உனக்குக் காது இருக்கா இல்லையா?"

"மூச்சுச் சத்தம் கேட்டுதுங்க மேடம். அதான்..."

"நான் மூச்சு விடுவேன், அழுவேன், கூரையப் பிச்சிக்கிட்டுக் கத்துவேன். உனக்கென்ன? வேலைக்காரி வாயத் திறந்து மூடினதுக்கு அப்புறம்தான் திரை. அதுக்கு முன்னால ஒரு அங்குலம் அசைஞ்சுது, நீ இந்த ஊர்ல எந்தத் தியேட்டர்லயும் கயிறு பிடிக்க மாட்ட!"

கஸ் தலையாட்டினான். கயிற்றுக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதியும் வைத்தான்: வேலைக்காரி பேசினால் மட்டும்.

அன்று சாயங்காலமே அகஸ்டா இயக்குநரை மேடையில் மடக்கினாள். சாயம் பூசிய கதவுக்கு அந்தப் பக்கம் லெட்டி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு வெறும் துணி, எல்லாம் கேட்டது.

"அந்தக் கடைசி வரி எனக்கு வேணும், கோர்ட்லண்ட்."

"அது வேலைக்காரியோட வரிங்க."

"அவ என் துக்கத்து மேல தெனமும் வெங்காயத்தக் கொட்டுறா. ஜனங்களும் சிரிக்கத்தான் போறாங்க. ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு நானே எனக்குச் சொல்லிக்கறேன். காபி... அந்த வரிய."

"சரி, எப்படிச் சொல்லுவீங்க? ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

அகஸ்டா வாயைத் திறந்தாள். உடனே கையால் பொத்திக்கொண்டாள்.

"வெளையாடுறீங்களா? இன்னும் முதல் நாள் ஆகல!"

"நீங்களும் சொல்லிக் காட்ட மாட்டீங்க, அந்தம்மாவாலயும் சொல்ல முடியாது. நான் எதக் கேட்டு முடிவு பண்றது?"

ஃபிஸ்க் அன்றிரவே முடிவைச் சொல்லிவிட்டார். நியூ ஹேவனில் முதல் நாள் லெட்டி வரியைச் சொல்லட்டும். ஜனங்கள் சிரிக்காவிட்டால் அவள் நியூயார்க் வருகிறாள். சிரித்துவிட்டால் வரி அகஸ்டாவுக்கு. வரி போய்விட்டால் வேலைக்காரி மேடைக்கு வரக் காரணமே இல்லை, ஆகவே நியூயார்க்குக்கு வேலைக்காரி வேண்டாம்.

"புரிஞ்சுதா லெட்டி?" என்றார்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க. நான் சிரிப்பு காட்டாம ரெண்டு வார்த்தை பேசணும். ஐம்பது வருஷமா முடியல, முயற்சி பண்றேன்."

வாய்தான் இப்படிப் பேசியது. ஓட்டல் அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று கதவைத் தாழிட்டாள். தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. "காபி" என்றாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. நாடகம் ஊற்றிக்கொண்டால் இன்னொரு ஐந்து வருஷம் கதவு தட்ட அவளுக்குத் தெம்பு கிடையாது. குழாயை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

முதல் நாள் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாம் அங்கம் வரை ஜனங்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அகஸ்டா ஜன்னலுக்கு நடந்தாள், முதுகைக் காட்டினாள். தோளில் ஒரு நடுக்கம். நிஜமாகவே அற்புதமான முதுகு, அதில் பொய் சொல்லக் கூடாது. லெட்டி கதவுக்குப் பின்னால் தட்டோடு நின்றாள். காபிக் கெண்டி, இரண்டு கோப்பை, கொஞ்சம் பிஸ்கட். அடுத்த நொடி அவளுடையது.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து, மெல்ல, இனிமையாக, அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி அகஸ்டாவின் குரல் வந்தது.

"காபி... ஆறிப்போச்சு."

லெட்டியின் வரி அது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டாளே! அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலோரத்தில் முதுகு கம்பீரமாகத் திரைக்காகக் காத்திருந்தது.

திரை வரவில்லை.

லெட்டி திரும்பிப் பார்த்தாள். கஸ் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் சுவரில் சுண்ணாம்பு எழுத்து. அவன் புருவத்தை உயர்த்தினான், என்ன தாயே, பேசப்போகிறாயா என்பதுபோல. லெட்டி உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். கதவைத் தள்ளித் திறந்து மேடைக்கு வந்தாள்.

தட்டை மேசைமேல் வைத்தாள். சீமாட்டியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், புருஷன் போன கதவை. போய் அதைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்தினாள். அரங்கத்தில் எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

சிரித்தாயிற்று. இனி நியூயார்க் இல்லை. அது தெரிந்ததும் லெட்டிக்கு விசித்திரமாக ஒரு நிம்மதி வந்தது. பயப்பட இனி என்ன இருக்கிறது? புருஷன் உட்காருகிற பெரிய சாய்வு நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். தூசி தட்டினாள். பிறகு, வீட்டுக்குச் சொந்தக்காரிபோல, அதிலேயே உட்கார்ந்தாள்.

அரங்கம் வெடித்தது. அகஸ்டாவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. சபைக்கு முதுகு காட்டி நிற்பவள் எப்படிப் பார்ப்பாள்? தன் துக்கத்தைப் பார்த்து ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. உதடு அசையாமல், பல்லுக்கு இடையில், "திரை... திரையப் போடுய்யா" என்று சீறினாள். கஸ்ஸுக்கு நன்றாகவே கேட்டது. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. வேலைக்காரி இன்னும் பேசவில்லை.

லெட்டி கோப்பையில் ஊற்றினாள். பிஸ்கட்டை அதில் தோய்த்தாள். பாதி உள்ளே விழுந்துவிட்டது. கரண்டியால் அதைத் துழாவித் தேடினாள். கான்சஸ் மழையில் கற்றுக்கொண்ட அவசரமின்மை முழுவதும் கைக்கு வந்திருந்தது. முன்வரிசையில் ஒரு கனவான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்தப் பேர்பெற்ற முதுகு திரும்பியது. இருபது வருஷத்தில் எந்த நாடகத்தின் முடிவிலும் திரும்பாத முதுகு. அகஸ்டாவின் முகம் சபைக்குத் தெரிந்தது. கன்னத்தில் மை வழிந்து, மூக்கு சிவந்து, கோபத்திலும் அவமானத்திலும் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அது நடிப்பில்லை. அரங்கத்தில் சிரிப்பு பாதியில் அடங்கியது.

லெட்டியும் அந்த முகத்தைப் பார்த்தாள். அடடா, இவளுக்கும் வயதாகிவிட்டதே என்று தோன்றியது. தன்னை அறியாமலே கோபம் இறங்கிவிட்டது. இவளை இதற்குமேல் நிற்கவிட அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டாவது கோப்பையில் காபியை ஊற்றி, நாற்காலியிலிருந்தபடியே நீட்டினாள்.

அகஸ்டாவுக்கு வேறு வழி இல்லை. நடந்து வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அரங்கத்தில் ஈ பறந்தால் கேட்கும். புருஷன் போன வீட்டில் இரண்டு பெண்கள், எஜமானியும் வேலைக்காரியும், ஒன்றும் பேசாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

லெட்டி அவளைப் பார்த்து, தணிந்த குரலில், "சூடாத்தாம்மா இருக்கு" என்றாள்.

கஸ் மல்லோய் கயிற்றை விட்டான்.

கைதட்டல் எத்தனை நேரம் நீடித்தது என்று லெட்டி நின்று கேட்கவில்லை. வணக்கம் சொல்லி முடித்ததும் நேராக மூன்றாவது மாடியிலிருந்த ஒப்பனை அறைக்கு ஏறிப்போய்விட்டாள். சின்ன வேஷக்காரர்களுக்கு அந்த உயரத்தில்தான் அறை. கொஞ்ச நேரத்தில் ஃபிஸ்க் வந்து வாசலில் நின்றார்.

"ஜனங்க சிரிச்சாங்க."

"ஆமாங்க."

"ஒரு நிமிஷத்துக்கு மேல."

"நான் எண்ணலைங்க. வேலையா இருந்தேன்."

அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. "பேசினபடிதான். ஆனா அகஸ்டா மனசு மாறினா எனக்கு ஆட்சேபணை இல்ல. அவங்க கீழ கதவச் சாத்திக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லெட்டி சூட்கேஸைத் திறந்தாள். முகப்பூச்சு டப்பா, சீப்பு, மேசைக்கு அடியில் இருந்த பழைய செருப்பு, எல்லாவற்றையும் அடுக்கினாள். நியூயார்க் மேடையில் ஒரு தடவை நிற்காமல் போவதுதான் வருத்தம். அந்த வருத்தம் பெரிதாகவே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியை அமுக்கி மூடினாள்.

மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறிவரும் சத்தம் கேட்டது. அகஸ்டா வேல். மூன்றாவது மாடிக்கு அவள் வந்ததாக அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பாதி முகத்தில் சாயம், பாதி முகம் துடைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். லெட்டி எழுந்து நின்றாள், திட்டு வாங்கத் தயாராக.

"அந்தக் கெண்டிக்குள்ள என்ன எழவு இருந்துச்சு?"

"கருக்கின சர்க்கரைத் தண்ணிங்க. காபி நெறம் வரட்டும்னு சாமான்காரர் கலக்கி வெக்கறதுங்க."

"வயித்தப் பொரட்டுது. நாளையிலேருந்து நெஜக் காபி வெக்கச் சொல்லு. வாரத்துக்கு எட்டு ஆட்டம் நான் அதக் குடிச்சேன்னா நியூயார்க் போறதுக்குள்ள என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

லெட்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூடிய பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"சர்க்கரை... எத்தனைங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு. இன்னொண்ணு, நான் முழுசாத் திரும்பினதுக்கு அப்புறம் அந்தக் கோப்பைய நீட்டு. இன்னைக்கு அரை நொடி முந்திட்ட, என் முகத்த யாரும் சரியாப் பாக்கல." படி இறங்கப் போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமல், "இந்த முதுகு வேலையெல்லாம் போதும், முட்டி வலிக்குது" என்றாள்.

அவள் காலடிச் சத்தம் கீழே போய் அடங்கும் வரை லெட்டி அசையவில்லை. பிறகு சூட்கேஸைத் திறந்து, செருப்பை எடுத்து, மறுபடியும் மேசைக்கு அடியில் வைத்தாள்.